மிச்சக் கலர்

தவசிமுத்து செத்துப்போன வருசம், ஆயுத பூசையன்று காலை பத்து மணிக்கு, அவருடைய பெண்டாட்டி வெள்ளத்தாய், ஒன்பது வயசில் மூளைக்காய்ச்சலில் காது போய் நாற்பத்து மூன்று வருசமாக இடிச்சத்தம்கூடக் கேட்டறியாதவள், ஒரு ஈரத் துணியின் ஓரத்தால் புருசனுடைய கிட்டாரைத் துடைத்தாள். துடைத்த துணியைக் கொடியில் போட்டாள். துணி காயக் காய அது பாட ஆரம்பித்தது, அந்தப் பாட்டு அவளுக்குக் கேட்டது. பட்டறைப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது, அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள் என்பார்கள்.

பட்டறைப்பாளையம் சிறுமலை அடிவாரத்தில், சாயத்தால் பிழைக்கிற ஊர். அங்கே பிள்ளைகளின் உள்ளங்கால் வாரத்துக்கு ஒரு நிறத்தில் இருக்கும். அந்த ஊரில் வெள்ளத்தாய்க்கு என்று ஒரு தனி மரியாதை உண்டு. யாராவது பழைய சேலையில் ஒரு நூலைப் பிடுங்கிக்கொண்டு வந்து, இதே கலர் வேண்டும் என்று நின்றால், மற்ற பட்டறைக்காரர்கள் தலையைச் சொறிந்துவிட்டு அவளிடம்தான் அனுப்புவார்கள். அவள் நூலை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பார்ப்பாள், அரக்கில் இவ்வளவு, மாம்பழ மஞ்சளில் இவ்வளவு என்று கையால் அள்ளிப் போடுவாள், தராசு என்ற பேச்சே கிடையாது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு கணீரென்று பதிலும் சொல்லிவிடுவாள். முதுகுப் பக்கமாக யாராவது வந்தால் மட்டும் தூக்கிவாரிப் போடும். அதனால் எல்லாரும் தரையை மிதித்துத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். தவசிமுத்து இரண்டு மிதி, பக்கத்து வீட்டு இருளாயி மூன்று மிதி, பட்டறை முதலாளி மிதிப்பதே இல்லை, அவருடைய புல்லட் வந்து நின்றாலே தரை அதிரும்.

இப்படிப்பட்டவளை ஒரு கச்சேரிக்காரன் எப்படிக் கட்டினான் என்றால், அதற்கும் அந்தக் கிட்டார்தான் காரணம். தவசிமுத்து மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக மாட்டாமல் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன மின்சாரக் கிட்டார் அது. அப்போதே அதற்கு இருபது வயசு. மலைக் குளிரில் பெயிண்டெல்லாம் செதில் செதிலாக உரிந்து, பார்க்கச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. மிச்ச பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் மரமாக அதைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறை வாசலில் வந்து நின்றார் தவசிமுத்து. துணிக்குப் போடுகிற சாயத்தை மரம் குடிக்குமா என்று முதலாளி சிரித்தார். இருபத்திரண்டு வயசு வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. எச்சில் தொட்டு மரத்தில் ஒரு கோடு இழுத்து, அது உள்ளே இறங்குவதைப் பார்த்துவிட்டு, "குடிக்கும். என்ன கலர் வேணும்?" என்றாள்.

"உனக்குப் பிடிச்ச கலர்" என்றார் அவர், முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நன்றாக அசைத்து.

ஊருக்கே கலர் போட்டவள், அவளைப் பார்த்து அதுவரை ஒரு ஆத்மா இப்படிக் கேட்டதில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு ஏழு அண்டாவில் மீந்து கிடந்த ஏழு சாயத்தின் அடியையும் ஒரே தொட்டியில் ஊற்றிக் கிட்டாரை உள்ளே இறக்கினாள். ஏழையும் கலந்தால் சகதிக் கலர்தான் வரும், அந்த ஊர்க் கைக்குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் வந்தது வேறு. நிழலில் வெங்காயத் தோல் மாதிரி, வெயிலில் புறாக் கழுத்து மாதிரி, மழை மூட்டத்தில் எந்த மாதிரியும் இல்லை. பேர் இல்லாமல் ஒரு கலர் பட்டறையில் இருக்க முடியாது என்பதால் அதற்கு மிச்சக் கலர் என்று பேர் வைத்தார்கள். ஒரே ஒரு தப்பு நடந்தது. சாயம் ஏறியதும் உப்புப் போட வேண்டும், உப்புத்தான் சாயத்தைப் பிடித்து நிறுத்தும், அப்போதுதான் அது கெட்டிச் சாயம். வெள்ளத்தாய் உப்புப் போட மறந்துவிட்டாள். எதிரே ஒருத்தர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கும் உப்பு மறக்கும்.

மூன்றாம் மாசம் கல்யாணம் ஆனது. கச்சேரிக்காரனுக்குச் செவிட்டுப் பெண்டாட்டி என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது, அப்புறம் வேறு எதையோ பார்த்துச் சிரிக்கப் போய்விட்டது. உப்பு விசயத்தை மட்டும் அவள் புருசனிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவர் கிட்டாருக்குச் சந்தனம் வைக்கக் குளித்துவிட்டு வருவதற்குள், வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து ஓரத்தில் ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பாள். சாயக்காரி கை, அது சும்மா இருக்காது. துணி வெள்ளையாகவே இருக்கும். மழையில் நனைந்தது, வியர்வையில் ஊறியது, சாயம் ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை. உப்பில்லாத சாயம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அவர் வைகாசியில் போனார். கச்சேரி முடிந்து வேனில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. அவள் வழக்கம்போலத் துணியை நனைத்தாள், தேய்த்தாள், சாயம் வந்தது. ஓரத்தில் ஒட்டிய கலர் அவள் பார்க்கப் பார்க்க நடந்து நடந்து துணி முழுக்கப் போய் நிறைந்தது, கிட்டாரில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது. இத்தனை வருசமும் அவர்தான் பிடித்து வைத்திருந்தாரா, இப்போது கையை விட்டுவிட்டாரா என்று அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டேதான் துணியைக் கொடியில் போட்டாள், ஈரத் துணியைத் தரையில் போட அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

முதலில் பல் கூசுகிறது என்று நினைத்தாள். அப்புறம் நெஞ்சுக்குள் என்னவோ ஊர்கிறது என்று நினைத்தாள். அது சத்தம் என்று புரிய வெகுநேரம் ஆயிற்று. துணியின் காய்ந்த மூலையிலிருந்து ஒரு தந்தி, அடுத்த மூலை காய்ந்ததும் இன்னொரு தந்தி, நடுப்பகுதி காய்ந்ததும் முழுப் பாட்டு. இருளாயி மூன்று மிதி மிதித்து ஓடிவந்து, "ஏன்டி, ரேடியோவா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, யாரிடம் என்ன கேட்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கொடியைப் பார்த்தாள். "அய்யோ, இது அண்ணன் வாசிப்புல்ல. போன வருசம் மாரியம்மன் கோயில்ல வாசிச்சாரே, அது."

இருளாயியின் வாய் அசைந்தது, அதில் சத்தமில்லை. கோழி கொத்தியது, சத்தமில்லை. கொடியில் தொங்கிய துணி மட்டும் கேட்டது. முப்பது வருசம் அவர் விரலைப் பார்த்துப் பார்த்து, இப்படித்தான் இருக்கும் போல என்று மனசுக்குள் அவள் ஒன்று கட்டி வைத்திருந்தாள். இது அதைவிட மெதுவாகவும் அதைவிடத் தைரியமாகவும் இருந்தது. இவ்வளவு நல்லா வாசிப்பீங்களா என்று கொடியைப் பார்த்துக் கேட்டாள்.

அடுத்த நாலு நாளில் இன்னும் நாலு துணி துடைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அகலம் மரம். ஐந்தையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒன்று ஒன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வேலைக்கும் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் இருளாயி ஒரு வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். மகள் செண்பகத்துக்குத் தை மாசம் கல்யாணம்.

"தர மாட்டேன்" என்றாள் வெள்ளத்தாய், இருளாயி வாயைத் திறக்கும் முன்பே. "உனக்குக் குருவி கேக்குது, பஸ்ஸு கேக்குது, உம் மக பேசுறது கேக்குது. எனக்கு இது ஒண்ணுதான்."

இருளாயிக்குக் கோபமே வரவில்லை. "சரி. ஆனா பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சா உனக்கு வீட்டுக்குள்ள மட்டும்தானே கேக்கும்?" என்றாள். சேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டும் போகவில்லை, கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், பொல்லாதவள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வெள்ளத்தாய் அந்தச் சேலையை நனைத்துக் கிட்டாரைத் துடைத்துக் கொடுத்தனுப்பினாள். கல்யாணத்தன்று அவள் தெருப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கோலத்துக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பாட்டுக் கேட்டது. நெருங்கியது. வாசலுக்கு வந்து நின்றது. அவள் திரும்பாமலே, "வா செண்பகம்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாற்பத்து மூன்று வருசத்தில் ஒருத்தர் வருவது வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்தது அன்றுதான். தூக்கிவாரிப் போடாமல் அவள் ஒரு மனுசியை வீட்டுக்குள் கூப்பிட்டதும் அன்றுதான். செம்மண் கையோடு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுததில் புதுச் சேலை வீணாயிற்று, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவள் கொடுக்க ஆரம்பித்தாள். ஊர் வரிசையில் நின்றது. சேலை, துண்டு, வேட்டி, தலையணை உறை, சாமிக்குச் சாத்துகிற துணி, எல்லாம் மிச்சக் கலராயிற்று, எல்லாம் தவசிமுத்துவாயிற்று. மற்ற பட்டறைகளில் அதே கலரைப் போட்டுப் பார்த்தார்கள், கலர் ஏறக்குறைய வந்தது, சத்தம் வரவில்லை, அதற்கு ஊமைச் சாயம் என்று பேர் வைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளினார்கள். சாவு வீட்டுக்கு அந்தச் சேலையில் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவானது, பரீட்சை மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கம் அந்தத் துண்டோடு நடக்கக் கூடாது என்று முடிவானது, நாதசுரக்காரர் வாசிக்கும்போது முன்வரிசையில் உட்காரக் கூடாது என்று அவரே காலில் விழாத குறையாகக் கேட்டதால் அதுவும் முடிவானது. தையல்காரர் ஒரு சேலையின் முந்தியை வெட்டி ரவிக்கை தைத்தார், பாட்டின் தொடக்கம் ரவிக்கைக்கும் முடிவு சேலைக்கும் போய்விட்டது, அந்தப் பெண் இரண்டையும் சேர்த்துக் கட்டினால்தான் பாட்டு உருப்படியாக இருந்தது. நனைத்தால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர் முழுக்கக் கொடியில் துணி காய்கையில், மெல்லிய துண்டுகள் முதலில் ஆரம்பிக்க, சேலைகள் சேர்ந்துகொள்ள, கெட்டிப் போர்வைகள் கடைசியாக வர, பஸ் கண்டக்டர் இறங்கி நின்று கேட்டுவிட்டுத்தான் விசில் கொடுப்பார். வெள்ளத்தாய் பட்டறை வாசலில் நின்று அது பெரியசாமி துண்டு, அது டீச்சர் சேலை, செண்பகம் மாசமாக இருக்கிறாள், நடை மெதுவாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஊர் எவ்வளவு பெரியது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது வருசம் முடிவதற்குள் கிட்டார் கிட்டத்தட்ட வெறும் மரமாயிற்று. பின்பக்கத்தில், வாசிக்கிறவருடைய நெஞ்சில் படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு திட்டு மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ரகுநந்தன் என்பவர் வந்தார். பழைய கிட்டார்களைத் தேடிச் சேர்த்து, அதற்கென்றே ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார், தகட்டைக் கழற்றி நம்பரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இந்த மாதிரிக் கிட்டார் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறது என்றார். பின்பக்கத் திட்டைப் பார்த்ததும் கிட்டாரை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தார். "இந்தக் கலர் எந்தப் புத்தகத்துலயும் இல்லைம்மா. யாரோ கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, ஸ்பெஷலா ஆர்டர் பண்ணியிருக்காங்க. ஒரே ஒரு கிட்டாருக்கு மட்டும் போட்ட கலர். இதுக்கு அவங்க என்ன பேர் வச்சாங்கன்னு தெரிஞ்சா போதும்."

"மிச்சக் கலர்" என்றாள் வெள்ளத்தாய். "ஏழு அண்டாவோட அடி. நான்தான் போட்டேன், உப்புக்கூடப் போடலை."

அவர் அவளையே பார்த்தார். வாசலில் கூடியிருந்த ஊரைப் பார்த்தார், ஊர் ஆமாம் என்று தலையாட்டியது, ஊரின் மேல்துண்டுகள் எல்லாம் பாடிக்கொண்டிருந்தன. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப இன்னும் பெரிய விசயம்மா இது. இந்தத் திட்டை மட்டும் நனைச்சிடாதீங்க. இது இருக்கிற வரைக்கும்தான் இது உலகத்துல ஒண்ணே ஒண்ணு. போச்சுன்னா வெறும் கட்டை. கண்ணாடிக்குள்ள வைக்கிறேன், உங்க பேர், அவர் பேர் ரெண்டும் எழுதி வைக்கிறேன், நூறு வருசம் இருக்கும்."

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. கொடுத்துவிடு, தவசிமுத்து பேர் நிற்கும் என்றார் முதலாளி. கொடுத்துவிடு என்று தெருவே சொன்னது. வெள்ளத்தாய்க்கும் ஆசைதான், அவர் பேர் கண்ணாடிக்குள் எழுதியிருந்தால் யாருக்குத்தான் கசக்கும். பயமும் இருந்தது. எல்லாப் பாட்டும் ஊருக்குள் போய்விட்டது, இந்தக் கடைசித் திட்டில் ஒன்றுமே இல்லாமல் போனால், கிட்டாரும் போய் அதுவும் போய் அவள் என்ன செய்வாள்.

"கண்ணாடிக்குள்ள வச்சா கேக்குமா?" என்று கேட்டாள்.

"கேக்காதும்மா. பாக்கலாம்."

"பாக்குறதா? முப்பது வருசம் அவரைப் பாத்துக்கிட்டுத்தானய்யா இருந்தேன்" என்றாள்.

உள்ளே போய் அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்தாள். கடைசித் திட்டைத் துடைத்தாள். கலர் வேட்டி முழுக்க நடந்து போய் நிறைந்தது. ரகுநந்தன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வேட்டியை வாசல் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு அதன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

ஊரெல்லாம் பாட்டாக இருந்தது, இத்தனை சத்தத்தில் அவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியவில்லை. இருளாயி குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள், அவள் சேலை நின்றது. செண்பகம் கைக்குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஊற்றிக்கொண்டாள். டீச்சர், பெரியசாமி, தையல்காரர், புல்லட்டிலிருந்து இறங்கி முதலாளி, ஒவ்வொருத்தராகக் குழாயடிக்குப் போய் நனைந்து வந்து நின்றார்கள். கொடியில் கிடந்ததையெல்லாம் வாளிக்குள் அமுக்கினார்கள். பட்டகசாலைக் கூடத்தில் தொங்கியது, பரணில் இருந்தது, ஒன்று விடாமல். நல்ல வெயிலில் ஊர் முழுக்கச் சொட்டச் சொட்ட நின்றது, மூச்சு விடவில்லை. வெள்ளத்தாய்க்கு எல்லாம் அடங்கிப் போய், பழையபடி ஒன்றுமே கேட்காத அந்த நாற்பத்து மூன்று வருசம் திரும்பி வந்தது.

வேட்டியின் ஒரு மூலை காய்ந்தது. ஒன்றும் இல்லை. இன்னொரு மூலை காய்ந்தது. தந்தி இல்லை, பாட்டு இல்லை. ஊர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தரையைப் பார்த்தது. நடுவில் காற்றுப் பட்டு வேட்டி ஒரு தரம் புரண்டது, அப்போது ஒரு சத்தம் வந்தது, அதன் பின்னாலேயே இரண்டு மிதி. கொஞ்ச நேரம் கழித்து அதே சத்தம், இரண்டு மிதி. காலைத் தூக்கச் சடைவோடு ஒரு தரம், பசியோடு ஒரு தரம், கோபமாக ஒரு தரம், கச்சேரி முடிந்து வந்த அலுப்பில் ஒரு தரம், காய்ச்சலில் படுத்திருந்தபோது சின்னதாக ஒரு தரம். சத்தம், இரண்டு மிதி. சத்தம், இரண்டு மிதி.

மிதி அவளுக்குத் தெரியும். உள்ளங்காலுக்கு அது முப்பது வருசப் பழக்கம். கிட்டார் மடியில் இருக்கும்போதுதான் அவருக்குக் காப்பித் தாகம் எடுக்கும், எழுந்து வர மாட்டாமல் உட்கார்ந்த இடத்திலேயே மிதிப்பார். அதற்கு முன்னால் வருகிற சத்தம்தான் அவளுக்குப் புரியவில்லை. அவள் இருளாயியின் உதட்டைப் பார்த்தாள். "மிதிக்கிறதுக்கு முன்னாடி என்னமோ சொல்றாரே, என்ன அது?"

"வெள்ளே" என்றாள் இருளாயி. "உன்னைத்தான்டி கூப்பிடுறாரு."

எதிரே நிற்கிறவளை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேர் என்பதே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குத்தான். தனக்கு வெள்ளே என்று ஒரு பேர் இருப்பது அந்த நிமிசம்வரை அவளுக்குத் தெரியாது.

"எனக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியுமே" என்றாள்.

"தெரியும்தான். ஆனா ஒரு நாளும் கூப்பிடாம மிதிச்சதில்லை. தெருவுக்கே கேக்கும். எங்க எல்லாருக்கும் தெரியும்." இருளாயியின் முகத்தில் தலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. "உனக்குத் தெரியாதுங்கிறதுதான்டி எங்களுக்குத் தெரியாது."

கொடியில் வேட்டி முழுக்கக் காய்ந்துவிட்டது. வெள்ளே என்றது. இரண்டு மிதி மிதித்தது. வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் கையை ஊன்றி எழுந்து, "இந்தா வந்துட்டேங்க" என்றாள்.